நானூற்றுப் பன்னிரண்டு தலைகள்

ஒஸ்த்ராவாவில், பௌலிங் கூடத்தின் அடித்தளத்தில்
மாதத்தின் இரண்டாம் வியாழன் கூடுவோம்.
தலைக்கு மேல் பந்து உருளும்.
கட்டைகள் சரிந்து ஓயும்வரை
பேசுகிறவர் வாயைத் திறந்தபடி காத்திருப்பார்,
பிறகு விட்ட இடத்திலிருந்து வைவார்.

சர்வர்களுக்குக் காவலாக இரவு விழிப்பவர்கள்:
மருத்துவமனை, டிராம் கம்பெனி, பீர் ஆலை,
உருக்காலையில் மிஞ்சியது.
விதி ஒன்றுதான்.
விற்கிறவன் பேசக்கூடாது.
வரலாம், குடிக்கலாம், திட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

வெள்ளைப் பலகையில் மதிப்பெண் போடுவோம்.
வெலாந்த்ராவின் பேக்கப் மென்பொருளுக்குப்
பத்துக்கு இரண்டு.
அந்த இரண்டும் அவர்கள் இலவசமாகத் தரும் பேனாவுக்கு
என்றாள் லிபுஷே.

வெலாந்த்ராதான் எங்களை வாங்கியது.

விற்றவன் ஒத்தகர். ஒப்பந்தத்தை
அவனே காட்டினான், ஒளிக்கவில்லை.
பெயர். முத்திரை. வெள்ளைப் பலகை ஒன்று.
உறுப்பினர்கள், நானூற்றுப் பன்னிரண்டு.
டிராமில் கணக்குப் போட்டேன்.
தலைக்கு வந்த விலையில்
பனிக்காலப் பூட்ஸ் வாங்கலாம்,
ஒரு காலுக்கு மட்டும்.

கோபம் இருந்தது, பிஸ்கட் டப்பா நினைவுக்கு வரும்வரை.
வாடகைக்கென்று பதினோரு வருடம் கைமாறிய டப்பா.
அதில் சில்லறை, பழைய டிராம் சீட்டு,
ஒருமுறை சட்டைப் பொத்தான்.
குறைந்ததை யார் போட்டது என்று
ஒருவரும் கேட்டதில்லை.
எதுவும் தானாக ஓடாது என்று தெரிந்ததற்காகவே
சம்பளம் வாங்குகிறவர்கள்
அடித்தளத்தில் விளக்கு தானாக எரிகிறதென்று நம்பினோம்.
அந்த ஜனவரியில் ஒத்தகர் வீட்டுக் கொதிகலன் வெடித்ததாம்.
அதையும் அப்புறம்தான் கேள்விப்பட்டேன்.

இப்போது ஹோட்டல் அரங்கு. தரையெல்லாம் கம்பளம்.
பந்து உருளாது.
தட்டுத் தட்டாக ரொட்டித் துண்டு,
மேலே ஹாம், அவித்த முட்டை, உப்பில் ஊறிய வெள்ளரி.
"எதுவும் மாறாது" என்றார் வெலாந்த்ராவின் தலிபோர்.
உண்மைதான். யாரும் யார் வாயையும் பொத்தவில்லை.
பலகையில் அந்த இரண்டைக்கூட அழிக்கவில்லை.
அதன் முன்னால் சாப்பாட்டு மேசையைப் போட்டிருந்தார்கள்,
அவ்வளவுதான்.

நவம்பரில், என் மருத்துவமனையில்,
மூன்று நாள் எக்ஸ்ரே படங்கள் போயின.
வெலாந்த்ராவின் திரை பச்சை காட்டியது, தினமும் பச்சை.
திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.
பத்தொன்பது மணி நேரம் கருவி கருவியாக நடந்து
கிடைத்ததைப் பொறுக்கினேன்.
ஒரு சிறுவனின் முழங்கையை
மறுபடி படமெடுக்க வேண்டியதாயிற்று.

அந்த வியாழன் எழுந்து நின்றேன்.
"ஒரு பேக்கப் மென்பொருள்" என்று தொடங்கினேன்.
ஒரு.
அடித்தளமாக இருந்தால் பெயர் முதலில் வந்திருக்கும்,
பெயருக்கு முன் அதன் தாயும் வந்திருப்பாள்.
"சில சூழல்களில்" என்றேன்.
தலிபோர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.
நல்ல மனிதர், அதுதான் சங்கடம்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது
உள்ளத்துக்குச் சொன்னது.
என்னிடம் நாக்கு முந்திக்கொண்டது.
வெள்ளரியின் உப்பு அதில் இன்னும் இருந்தது.

பின்வரிசையில் லிபுஷே என்னைப் பார்க்கவில்லை.
இரண்டு ரொட்டித் துண்டுகளைக்
காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

டிராம் நிறுத்தம். மைனஸ் எட்டு.
"பெயரைச் சொல்லு" என்றாள்.
தெருவில் ஒரு நாய்கூட இல்லை.
இருந்தும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான்
சொன்னேன்.
"எனக்கும் அதேதான்" என்றாள். "செப்டம்பரில்."

டிராம் வந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி.
செப்டம்பரில் அவள் என்ன பேசினாள் என்று
நான்கு நிறுத்தம் யோசித்தேன்.
பேசியிருக்கிறாள். எழுந்து நின்றே பேசியிருக்கிறாள்.
சில சூழல்களில், என்றாள்.
இலவசப் பேனாவால்
நான் அதைக் குறித்தும் வைத்திருக்கிறேன்.